1950ஆம் ஆண்டுக் குதிரைக் காலணா: சில ஐயங்கள்

கேள்வி

எங்கள் பூர்வீக வீட்டின் பழைய கல்லாப்பெட்டியை ஒழுங்குபடுத்தியபோது சில செம்பு நிறக் காசுகள் கிடைத்தன. அவற்றுள் 1945 எனப் பொறித்த ஓட்டைக் காலணாவை எளிதில் அடையாளம் கண்டுகொண்டேன். மற்றொன்று துளையில்லாத வட்டக் காசு. ஒரு பக்கம் அசோகத் தூணின் சிங்கங்களும், மறுபக்கம் குதிரை உருவமும், ஒரு பைசா என்று ஆங்கிலத்திலும் இந்தியிலும் எழுத்துகளும், 1950 என்ற ஆண்டும் உள்ளன. நாடு விடுதலை பெற்றது 1947இல் என்றிருக்க, நமது முதல் சில்லறைக் காசுக்கு மூன்று ஆண்டுகள் ஏன் தேவைப்பட்டன? இவ்விரண்டு காசுகளுக்கும் மதிப்பு ஒன்றுதானா? களிம்பேறியிருப்பதால் புளி போட்டுத் துலக்கலாமா என்பதையும் அறிந்தவர்கள் தெரிவிக்க வேண்டுகிறேன்.

மறுமொழி 1

முதல் கேள்விக்கு விடை அரசியலமைப்பில் இருக்கிறது. 1947 ஆகஸ்ட் 15 முதல் 1950 ஜனவரி 26 வரை இந்தியா தன்னாட்சி பெற்ற டொமினியனாக இருந்தது. சட்டப்படி பிரிட்டிஷ் மன்னர் ஆறாம் ஜார்ஜே இந்தியாவுக்கும் அரசர். எனவே அவருடைய தலை பொறித்த ரூபாயும், மகுடம் பொறித்த ஓட்டைக் காலணாவுமே கடைத்தெருவில் தொடர்ந்து புழங்கின. குடியரசான பிறகு, 1950 ஆகஸ்ட் 15 அன்று, காலணா முதல் ஒரு ரூபாய் வரையிலான புதிய வரிசை வெளியாயிற்று. ரூபாயில் இருந்த புலி போய்த் தானியக் கதிர்கள் வந்தன. அரசர் தலை இருந்த இடத்தில் சாரநாத்து அசோகத் தூணின் சிங்கங்கள் அமர்ந்தன.

குதிரை வந்த வழியும் அதுவே. சிங்கங்கள் நிற்கும் பீடத்தைச் சுற்றி யானை, காளை, குதிரை, சிங்கம் ஆகிய நான்கு விலங்குகள் செதுக்கப்பட்டிருக்கின்றன. தேசியச் சின்னத்தை நேராகப் பார்க்கும்போது அறவாழிக்கு (அசோகச் சக்கரத்துக்கு) வலப்புறம் காளையும் இடப்புறம் குதிரையும் தெரியும். காளையை அரையணா, ஓரணா, இரண்டணாக் காசுகளுக்கும், குதிரையைக் காலணாவுக்கும் கொடுத்தார்கள். உப்புக்கும் தீப்பெட்டிக்கும் கைமாறிய கடைசிக் காசிலும் புதிய குடியரசின் சின்னத்தில் ஒரு துண்டு இடம்பெற வேண்டும் என்று கருதியிருக்கிறார்கள். இந்த வரிசையிலேயே எனக்கு மிகவும் மதிப்புக்குரியதாகத் தோன்றுவது அதுதான்.

மறுமொழி 2

மதிப்பு ஒன்றே. ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 4 பைசா என்பதால் இரண்டு காசுகளுமே ரூபாயில் 64இல் ஒரு பங்கு. ஓட்டைக் காசு போர்க்காலத்தில் உலோகத்தை மிச்சப்படுத்துவதற்காக 1943இல் வந்தது. குதிரைக் காசு 1955 வரை அச்சாயிற்று. ஆக, 1950இல் காசின் முகம் மாறியதே தவிர, கணக்கு மாறவில்லை.

கணக்கு மாறியது 1957 ஏப்ரல் 1 அன்று. ரூபாய்க்கு 100 நயா பைசா (புதிய பைசா) என்ற பதின்ம முறை அன்று நடைமுறைக்கு வந்தபோது ஒரு காலணாவின் சரியான மதிப்பு 1.5625 நயா பைசா என்று ஆயிற்று. அப்படியொரு காசு கிடையாது. அருகிலுள்ள முழு எண்ணுக்கு மாற்றினால் காலணா 2 நயா பைசா, அரையணா 3, ஓரணா 6. நாலணாவோ மிச்சமின்றி 25 ஆயிற்று. நாலணாவாகவோ எட்டணாவாகவோ வாங்கியவருக்கு எந்த நட்டமும் இல்லை. காலணாக் காலணாவாகப் பொருள் வாங்கியவரோ 2 நயா பைசா கொடுத்தபோது, ஒவ்வொரு தடவையும் கூடுதலாகவே கொடுத்தார். பதின்ம முறை கணக்கை மிகவும் எளிதாக்கியது என்பதில் ஐயமில்லை. ஆனால் அதன் சுமை மிகச் சிறிய காசை நம்பியிருந்தவர்கள் மேல்தான் முதலில் விழுந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பெட்டியில் 1957ஆம் ஆண்டு நயா பைசா இருந்தால் இதன் அருகில் வைத்துப் பாருங்கள்: புதியதன் குறுக்களவு ஏறத்தாழ 16 மில்லிமீட்டர், குதிரைக் காலணா 21 மில்லிமீட்டருக்குச் சற்றுக் கூடுதல்.

மறுமொழி 3

தயவுசெய்து புளியைத் தொடாதீர்கள். இது வெண்கலக் காசு. புளியின் அமிலம் களிம்போடு சேர்த்து மேற்பரப்பையும் அரித்துவிடும். குதிரையின் பிடரி மயிர்க் கோடுகள்தாம் முதலில் மழுங்கும். பிறகு காசு பளபளவென்று இளஞ்சிவப்பாக இருக்கும், ஆனால் சேகரிப்பவர் எவரும் அதை விரும்பமாட்டார். காய்ந்த மண் ஒட்டியிருந்தால் வெறும் தண்ணீரில் ஊறவைத்து, மென்மையான துணியால் ஒற்றி எடுத்து, நன்றாக உலர்த்துங்கள். பி.வி.சி. பிளாஸ்டிக் உறையில் போட்டால் நாளடைவில் பச்சை பிடிக்கும்; அமிலமற்ற காகித உறையே போதுமானது.

இன்னொன்றையும் கவனியுங்கள். 1950ஆம் ஆண்டுக் காசு அதற்குப் பின் வந்தவற்றைவிடக் கண்ணுக்குத் தெரியும் அளவுக்குத் தடிமனானது. அதிலேயே விளிம்பு மெலிந்தது, விளிம்பு அகன்றது என இருவகை உண்டு. இந்த வரிசையில் ஆண்டுக்குக் கீழே சிறு வைர வடிவப் புள்ளி இருந்தால் பம்பாய் அக்கசாலை (காசு அச்சிடும் இடம்), ஒன்றும் இல்லையென்றால் கல்கத்தா. பெரிய விலை போகும் காசு அன்று, ஏராளமாகக் கிடைப்பதே. இருபுறமும் படம் எடுத்து இங்கே இட்டால், விளிம்பைப் பார்த்து எந்த வகை என்று சொல்லிவிடலாம்.