சிஆர்பி 3க்குக் கீழே வந்தால் மாத்திரையை நிறுத்தலாமா?

தொண்டிப் படகு: எச்ஐவிக்கு ஆறு வருஷமாகக் கூட்டு மருந்து சாப்பிடுகிறேன். போன வாரம் சிஆர்பி, அதான் அழற்சியைக் காட்டும் இரத்தப் பரிசோதனை, 2.1. 3க்குக் கீழே வந்துவிட்டால் உடம்பில் அழற்சி இல்லை, எதிர்ப்பு சக்தி முழுதாகத் திரும்பிவிட்டது. மீன்பிடித் தடைக்காலம் முடிந்து ஜூன் 15இல் படகு இறங்குகிறது. ஒரு மாசம் மாத்திரை இல்லாமல் இருந்து பார்க்கப் போகிறேன்.

பாம்பன்வாசி: படித்ததும் பதறிவிட்டது தம்பி. அந்த 3 மாரடைப்பு ஆபத்தைப் பார்க்கப் போட்ட கோடு. போன ஆனியில் கெளுத்தி முள் குத்திக் கை வீங்கியபோது எனக்கு சிஆர்பி 48. எதிர்ப்பு சக்தியைக் காட்டும் சிடி4 செல் எண்ணிக்கை அப்போதும் 600க்கு மேல்தான். வைரல் லோடு, அதான் இரத்தத்தில் இருக்கும் வைரஸ் அளவு, எவ்வளவு? அதைச் சொல்.

தொண்டிப் படகு: முள் குத்தினால் ஏறும் என்று எனக்குத் தெரியாதா? எனக்கு எதுவும் குத்தவில்லை. 3க்குக் கீழேதானே இருக்கிறது?

பாம்பன்வாசி: மறுபடியும் 3! 2006இல் ஸ்மார்ட் என்ற எச்ஐவி மருந்து ஆய்வு வந்தது. சிடி4 350க்கு மேல் இருந்தவர்களைத்தான் சேர்த்தார்கள். மருந்தை விட்டுவிட்டுச் சாப்பிட்டவர்களுக்கு, எதிர்ப்பு சக்தி குறைந்தால் தொற்றும் சந்தர்ப்பவாத நோயோ சாவோ வரும் ஆபத்து, தொடர்ந்து சாப்பிட்டவர்களைப் போல 2.6 மடங்கு. நிறுத்திய ஒரே மாசத்தில் அழற்சியைக் காட்டும் ஐஎல்-6, இரத்த உறைவைக் காட்டும் டி-டைமர் இரண்டும் ஏறின. 2004இல் இலவச மருந்து வருவதற்கு முன்பே என் கூட்டாளியை மண்ணில் வைத்தவன் நான். எனக்குப் பாடம் எடுக்காதே.

கீழக்கரை லாத்தா: நிறுத்தக் கூடாது, சரி. ஆனால் வைரல் லோடு மட்டும் போதும் என்று பேசாதீர்கள் அண்ணே. வைரஸ் அடங்கினாலும் அழற்சி முழுதாக அடங்குவதில்லை. தொற்றிய ஆரம்பத்திலேயே குடலில் சிடி4 செல்கள் அழிந்து, கிருமித் துணுக்குகள் இரத்தத்தில் கசிந்து அழற்சியைத் தூண்டுகின்றன. வைரஸ் அடங்கியிருந்த என் வீட்டுக்காரர் மாரடைப்பில்தான் போனார்.

பாம்பன்வாசி: மட்டும் போதும் என்று நான் எங்கே சொன்னேன்? முன்பு இங்கே நடந்த கருவாட்டுப் பேச்சிலும் சொல்லாததைச் சொன்னதாகத்தான் சண்டைக்கு வந்தீர்கள்.

கீழக்கரை லாத்தா: கருவாடு தின்றால் பிரஷர் ஏறாது என்று எழுதியது நீங்கள்தான். பிரஷர் ஏறினால் இதயத்துக்குத்தானே கேடு?

பாம்பன்வாசி: கழுவி ஊறவைத்த கருவாடு என்று எழுதினேன். போய்ப் படியுங்கள்.

தொண்டிப் படகு: கருவாட்டை விடுங்கள். வைரல் லோடு தையில் எடுத்தது, கண்டறிய முடியாத அளவு. சிஆர்பியும் 3க்குக் கீழே. அப்புறம் எதற்கு மாத்திரை?

பாம்பன்வாசி: மாத்திரை சாப்பிடுவதால்தான் தம்பி அப்படி இருக்கிறது! நிறுத்திய சில வாரத்தில் வைரஸ் திரும்பக் கிளம்பும். பல நாள் கடலிலேயே தங்கி மீன்பிடிக்கும் தங்கு கடலுக்குப் போனாலும் டப்பாவைப் பையில் போட்டுக்கொண்டு போ.

தொண்டிப் படகு: 3க்கு மேல் போனால் போட்டுக்கொள்கிறேன்.

கீழக்கரை லாத்தா: ஊறவைத்தது என்று எந்த இடத்திலும் இல்லை அண்ணே. இப்போதுதான் போய்ப் படித்தேன்.