குடும்பக் குழு: துரு ஆணி, சீழ், மடிநோய்

அண்ணி (பெகு, பர்மா), காலை 6.40
எல்லாருக்கும் வணக்கம். நேத்து மதியம் மாட்டுக்கொட்டகையில இவங்க குதிகால்ல துரு ஆணி குத்திருச்சு. இன்னைக்கு சுத்தியும் சிவந்து வீங்கிக் கிடக்கு, தொட்டா சுடுது. விஷம் ஏறிருச்சோன்னு பயமா இருக்கு. ஒருத்தங்க மஞ்சளும் சுண்ணாம்பும் குழைச்சு வைங்கன்றாங்க, இன்னொருத்தங்க முகத்துக்குப் பூசுற தனக்கா மரப்பட்டையை அரைச்சுப் போடுங்கன்றாங்க.

பெரியத்தை (மோல்மேன், நர்ஸ்), 6.52
எதையும் வைக்காதம்மா. சிவப்பு, சூடு, வீக்கம், வலி நாலும் விஷம் இல்ல, உடம்பு சண்டை போடுற அடையாளம். தோல் கிழிஞ்ச சில நிமிஷத்துலயே அங்க காவலுக்கு இருக்கிற மாஸ்ட் செல், ஹிஸ்டமின்ங்கிற ரசாயனத்தைக் கொட்டும். ரத்தக்குழாய் விரியும், சுவர் கசியும், நீரும் வெள்ளணுவும் காயத்துக்குள்ள இறங்கும். வீக்கம்ங்கிறது அதுதான். சுண்ணாம்பு வச்சா நல்ல சதையும் வெந்துபோகும், கிருமிக்குச் செத்த சதை தீனியாயிடும்.

தம்பி (ரங்கூன், லேப்), 7.05
அண்ணி, முதல்ல ஓடி வர்றது நியூட்ரோபில்னு ஒரு வெள்ளணு. எலும்பு மஜ்ஜை ஒரு நாளைக்குப் பத்தாயிரம் கோடி அளவுக்கு இதைச் செஞ்சு தள்ளுது. சில மணி நேரத்துல காயத்துக்கு வந்துரும். இது எந்தக் கிருமின்னு விசாரிச்சுக்கிட்டு நிக்காது. கிருமியோட சுவர்ல பொதுவா இருக்கிற பொருள்களைத் தொட்டாலே போதும், விழுங்கிரும். ரத்தத்துல இருக்கிற காம்ப்ளிமென்ட் புரதம் கிருமி மேல ஒட்டி முத்திரை குத்திட்டா இன்னும் வேகமா விழுங்கும். விழுங்கினதும் தானும் சாகும். அந்தப் பிணம், செத்த கிருமி, கரைஞ்ச சதை, எல்லாம் சேர்ந்ததுதான் சீழ். ரெண்டாம் மூணாம் நாள் மேக்ரோஃபேஜ்னு இன்னொரு விழுங்குற வெள்ளணு வந்து எல்லாத்தையும் அள்ளிப் போட்டுச் சுத்தம் பண்ணும்.

1882ல மெச்னிகாஃப்னு ஒரு ரஷ்ய விஞ்ஞானி இதைத்தான் கண்ணால பார்த்தார். நட்சத்திர மீன் லார்வா ஒன்னுல ரோஜா முள்ளைக் குத்தி வச்சார். மறுநாள் காலையில பார்த்தா முள்ளைச் சுத்திச் செல்லுங்க மொய்ச்சு நின்னுச்சு. 1908ல நோபல் கிடைச்சது. அண்ணன் குதிகால்ல இப்ப நடக்கிறதும் அதேதான்.

அண்ணி, 7.11
அப்போ சீழ் வந்தா பிதுக்கி எடுத்துரலாமா?

பெரியத்தை, 7.14
கூடவே கூடாது. உடம்பு சுத்தி ஒரு வேலி கட்டி அதுக்குள்ள கிருமியை அடைச்சு வச்சிருக்கு. பிதுக்கினா வேலி உடைஞ்சு பக்கத்துச் சதைக்குப் பரவும். ஓடுற தண்ணியில சோப்பு போட்டு 10 நிமிஷம் கழுவு. ஸ்பிரிட், ஹைட்ரஜன் பெராக்சைடு ஊத்தாதே, அது வெள்ளணுவையும் சேர்த்துக் கொல்லும். காயத்தோட வாயை ஒட்டி மூடாம சுத்தத் துணியைத் தளர்வாக் கட்டு. காலைத் தலையணை மேல வை.

அப்புறம் முக்கியமா, பேனாவால சிவப்போட ஓரத்தைச் சுத்திக் கோடு போட்டு, மணியையும் பக்கத்துல எழுது. கோட்டைத் தாண்டினா, தொடைப்பக்கம் சிவப்பு வரி ஏறினா, நடுக்கத்தோட காய்ச்சல் வந்தா, மூச்சு வேகமா இருந்தா, பேச்சு குழறினா ஒரு நிமிஷமும் காத்திருக்கக் கூடாது.

செருப்பு போட்டிருந்தாரா? சர்க்கரை எவ்வளவு?

அண்ணி, 7.20
ரப்பர் செருப்பு, அதைத் துளைச்சுத்தான் ஏறிருக்கு. போன வாரம் வெறும் வயித்துல 240 அத்தை.

பெரியத்தை, 7.23
அப்போ கோடு போட்டுப் பார்த்துக்கிட்டு இருக்கவே வேண்டாம். இன்னைக்கே ஆஸ்பத்திரி. ஆணியோட சேர்ந்து செருப்பு ரப்பர்த் துணுக்கும் உள்ள போயிருக்கலாம். அதை எந்த வெள்ளணுவாலயும் கரைக்க முடியாது, அதை ஒளிவிடமா வச்சுக் கிருமி பெருகும். சர்க்கரை ஏறின ரத்தத்துல நியூட்ரோபில் மந்தமா நகரும், விழுங்கினாலும் கொல்லத் திணறும். வலி தெரியலன்னு சொன்னாலும் நம்பாதே, சர்க்கரைக்காரங்களுக்குப் பாதம் மரத்திருக்கும்.

தம்பி, 7.26
அண்ணி, கடையில கலந்து கட்டித் தர்ற மாத்திரைப் பொட்டலம் மட்டும் வாங்கிக் கொடுத்துராதீங்க. அதுல ஸ்டீராய்டு இருக்கலாம். வீக்கம் இறங்கும், ஆனா நியூட்ரோபில் குழாயை விட்டு வெளிய வர முடியாம ரத்தத்துலயே சுத்தும். ரத்த டெஸ்ட்ல எண்ணிக்கை அதிகமாத் தெரியும், காயத்துல ஆளே இருக்காது.

பெரியத்தை, 7.28
தடுப்பூசி அட்டையையும் எடுத்துக்கோ. டெட்டனஸ் கிருமி காத்து படாத ஆழத்துல வளரும், அது விடுற நச்சை, பிறந்ததுலருந்தே இருக்கிற இந்த வெள்ளணுக் காவல் பிடிக்காது, ஊசி ஒன்னுதான் வழி. அழுக்குக் காயத்துக்குக் கடைசி ஊசி போட்டு 5 வருஷம் தாண்டியிருந்தா மறுபடி போடணும். முன்னாடி 3 ஊசி முழுசாப் போட்டதா தெரியலன்னா இம்யூனோகுளோபுலினும், அதாவது தயாரா இருக்கிற எதிர்ப்புப் புரதமும், சேர்த்துப் போடுவாங்க.

மாமா (சிரியம், மாட்டு டாக்டர்), 7.35
போறதுக்கு முன்னாடி ஒன்னு. அவர் இல்லாதப்ப பால் கறக்கிறவங்ககிட்ட சொல்லிட்டுப் போம்மா. மாட்டுக்கும் இதே காவல்தான், காம்பு நுனியில இருக்கு. உள்ளே ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு ஒரு குழல், அதுல நகத்துல இருக்கிற கெரட்டின் புரதப் பூச்சு, நுனியில சுருக்குத் தசை. கறந்து முடிச்சதும் அது மூட அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஆகும். அதுக்குள்ள மாடு சாணியில படுத்துச்சுன்னா கிருமி நேரா மடிக்குள்ள. அதனால கறந்ததும் காம்பை அயோடின் மருந்துல முக்கி, உடனே தீவனம் வை. திங்கிற வரைக்கும் நின்னுக்கிட்டு இருக்கும்.

மடிநோய் சந்தேகம்னா பாலும், மடிநோய் சோதிக்கிற சி.எம்.டி. (கலிஃபோர்னியா மாஸ்டைடிஸ் டெஸ்ட்) கரைசலும் சம அளவு கலந்து சுழற்றிப் பாரு. கொழகொழன்னு திரண்டா உள்ள வெள்ளணு குவிஞ்சிருக்கு. அந்தக் கொழகொழப்பு அதோட டி.என்.ஏ.

தம்பி, 7.38
கோழிக்கும் இப்படித்தானா மாமா?

மாமா, 7.41
கோழிக்கு நியூட்ரோபில் கிடையாது, பதிலுக்கு ஹெட்டரோஃபில். சீழை நீராக் கரைக்கிற சரக்கு அதுல போதாது. அதான் கோழிப் பாதத்துக் கட்டி பாலாடைக்கட்டி மாதிரி இறுகிக் கிடக்கும், தானா வடியாது. கீறித்தான் எடுக்கணும்.

அண்ணி, 7.50
வண்டி வந்துருச்சு. அட்டையில கடைசி ஊசி 2014.

பெரியத்தை, 7.51
போட்டுருவாங்க. செருப்பையும் பையில எடுத்துட்டுப் போம்மா, ஓட்டையைப் பார்த்தா எவ்வளவு ரப்பர் உள்ள போயிருக்குன்னு டாக்டருக்குத் தெரியும்.