புதுப்பிப்பு: பெங்களூரில் எனக்குப் பொருந்திய டூலா

பிரசவத்தின்போது கூட இருக்க டூலா (மருத்துவம் பார்க்காமல், தாய்க்குத் துணையாக இருந்து தைரியம் கொடுப்பவர்) வைக்க வேண்டும், பார்த்த இருவரில் யாரைத் தேர்ந்தெடுப்பது என்று ஏழாம் மாதத்தில் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. போன செவ்வாய் விடியற்காலை பெண் குழந்தை பிறந்தது, இருவரும் நலம்.

கைகொடுத்தது, "கேள்விப் பட்டியலை மூடிவிட்டு அரை மணி நேரம் அவர் பக்கத்தில் சும்மா உட்கார்ந்து பாருங்கள்" என்று ஓர் அக்கா சொன்ன யோசனைதான். முதலாமவருக்கு அனுபவம் அதிகம், ஆனால் எபிடூரல் (பிரசவ வலி தெரியாமலிருக்க முதுகில் போடும் ஊசி) என்றதுமே முகம் மாறிவிட்டது. இரண்டாமவர் அல்சூரில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். இடுப்பு வலியில் நான் முகம் சுளித்ததும், பேச்சை நிறுத்தாமலேயே கீழ்முதுகில் உள்ளங்கையை வைத்து அழுத்தினார். அம்மாவிடம் தமிழிலேயே பேசினார். அப்போதே முடிவு செய்துவிட்டேன். வலி எடுத்த ஒன்பது மணி நேரமும் அதே கைதான்.

எதிர்பாராதது: மருத்துவமனையில் பிரசவ அறைக்குள் ஒருவருக்குத்தான் அனுமதி. விரும்பிய துணை ஒருவர் உடனிருப்பதை உலக சுகாதார நிறுவனம் 2018-இல் வெளியிட்ட வழிகாட்டுதலிலும் பரிந்துரைக்கிறது. ஆனால் எங்களுக்குக் கணவர், டூலா இருவருமே வேண்டியிருந்தது. 34-ஆம் வாரத்திலேயே டாக்டரிடம் எழுதி வாங்கியதால் இருவரையும் விட்டார்கள். டூலாவுக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்பே இதை மருத்துவமனையில் கேட்டுவிடுங்கள். டூலாவால் வர முடியாவிட்டால் பதிலுக்கு யார் வருவார் என்றும் அவரிடம் கேட்டு, அந்த மாற்று ஆளையும் ஒருமுறை நேரில் பாருங்கள்.