சென்னையில் இருந்த நகல்

தானே புயல் 2011 டிசம்பர் 30 அன்று காலை கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. அப்போது நான் கடலூரில் ஒரு தனியார் நிறுவனத்தின் கணினிப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருந்தேன். மின்சாரம் இல்லாமல் சர்வர் அறை பல நாள் இருண்டு கிடந்ததைப் பார்த்த நிர்வாகம், சென்னையில் இரண்டாவது ஸ்டோரேஜ் (தரவைச் சேமிக்கும் பெட்டி) ஒன்றை வைத்து, இங்கே எழுதப்படும் தரவு அங்கேயும் சேரும்படி ரெப்ளிகேஷன் ஏற்பாடு செய்தது. விற்றவர்கள் தந்த தாளில் ‘ரெப்ளிகேஷன்’ என்றுதான் இருந்தது. அலுவலகக் குறிப்பில் அதை ‘பேக்கப்’ என்று எழுதியவன் நான்.

ரெப்ளிகேஷனில் இரண்டு வகை உண்டு. சிங்க்ரனஸ் முறையில், எழுதிய ஒவ்வொன்றும் மறுமுனையிலும் பதிவாகிவிட்டது என்ற பதில் வந்த பிறகே வேலை முடிந்ததாகக் கணக்கு. கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர்தான் செல்லும் என்பதால், 200 கிலோமீட்டர் போய்வரவே 2 மில்லிநொடி ஆகிவிடும்; ஒவ்வொரு பதிவுக்கும் அந்தக் காத்திருப்பு எங்கள் பில்லிங்குக்குப் பாரமாக இருந்திருக்கும். ஆகவே 15 நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றங்களை மட்டும் அனுப்பும் அசிங்க்ரனஸ் முறையைத் தேர்ந்தோம்.

சில ஆண்டுகள் கழித்து ஒரு நாள் காலை 11.20 மணிக்கு, பழைய பதிவுகளை நீக்க உட்கார்ந்த ஊழியர் ஒருவர் எந்தப் பதிவுகளை நீக்க வேண்டும் என்று சொல்லும் நிபந்தனை வரியை விட்டுவிட்டு டெலிட் கட்டளையை ஓட்டியதில், சரக்கிருப்பு அட்டவணை முழுவதும் காலியாகிவிட்டது. ஓடி வந்த மேலாளரிடம், “கவலைப்படாதீங்க சார், சென்னையில காப்பி இருக்கு” என்று சொல்லிவிட்டு, அவர் கேட்டதற்கெல்லாம் நிதானமாக விளக்கம் கொடுத்துக்கொண்டிருந்தேன். அடுத்த அனுப்புதல் 11.30-க்கு இருந்தது. அந்தப் பத்து நிமிடத்துக்குள் ரெப்ளிகேஷனை நிறுத்தியிருந்தால் சென்னை நகல் பிழைத்திருக்கும். நான் 11.40-க்குத் திறந்து பார்த்தபோது அங்கேயும் அட்டவணை காலியாகவே இருந்தது. புயலுக்காக வைத்த ஏற்பாடு, எங்கள் கைப்பிழையையும் சொன்னபடி பிசகாமல் கொண்டுபோய்ச் சேர்த்திருந்தது.

மிஞ்சியது முந்தைய இரவு 10 மணிக்குக் காந்த நாடாவில் பேக்கப் எடுத்த டேப். டேட்டாபேஸில் நடக்கும் ஒவ்வொரு மாற்றத்தையும் வரிசையாகக் குறித்துவைக்கும் பரிவர்த்தனைப் பதிவுகளைத் தனியே சேமிக்கும் வழக்கமும் எங்களிடம் இல்லை. டேப்பிலிருந்து தரவை மீட்கும் ரீஸ்டோர் முடிய மாலை 5 மணி ஆயிற்று. அன்று காலைப் பதிவுகளைக் காகித ரசீதுகளைப் பார்த்து மீண்டும் உள்ளிட்டோம். எவ்வளவு நேரத்துத் தரவை இழக்கலாம் என்பதற்கு ஆர்.பி.ஓ. என்றும், எவ்வளவு நேரத்தில் மீள வேண்டும் என்பதற்கு ஆர்.டி.ஓ. என்றும் பெயர். (எங்கள் கணக்கர் இரண்டாவதைக் கேட்டவுடன், லைசென்ஸ் விவகாரமா என்றார்.) தாளில் எங்கள் ஆர்.பி.ஓ. 15 நிமிடம், அன்று இழந்ததோ 13 மணி 20 நிமிடத் தரவு.

பிறகு ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை ஸ்னாப்ஷாட், அதாவது அந்த நேரத்தில் தரவு இருந்த நிலையின் பதிவு, எடுக்கத் தொடங்கினோம். கைப்பிழைக்கு அது நல்ல மருந்து. ஆனால் அதே ஸ்டோரேஜ் பெட்டிக்குள்ளேயே இருப்பதால், பெட்டி போனால் அதுவும் போகும். எனவே டேப்பையும் விடவில்லை. வேறு கட்டடத்தில் வைத்து, மாதம் ஒருமுறை பழைய சர்வர் ஒன்றில் ரீஸ்டோர் செய்து பார்க்கிறோம். மூன்றாம் மாதச் சோதனையிலேயே ஒரு டேப் படிக்காமல் நின்றது. ‘பேக்கப் வெற்றி’ என்றுதான் அதன் பதிவில் அச்சாகியிருந்தது.