லண்டனில் அவண் பூட்டுவதற்கு முன்: மட்டக்களப்பிலிருந்து போனவர்களுக்கு

களுவாஞ்சிகுடியிலிருந்து அண்மையில் லண்டனுக்குக் குடிபோன மருமகள், புதிதாக வாங்கிய மின்சார அவணைச் சமையலறைச் சுவரிலுள்ள சாதாரண சொக்கெட்டில் செருகலாமா என்று கேட்டிருந்தார். அங்கே பல வருடம் வயரிங் வேலை செய்துவிட்டு இப்போது கல்லடியில் இருக்கும் எனக்கு இது பழகிய கேள்விதான். நம்மூர்ப் புதுவீடுகளில் இருக்கும் அதே சதுரக்கால் 13 அம்பியர் பிளக்கை அங்கேயும் காண்பதால், பிளக் உள்ளே போனால் சொக்கெட் தாங்கும் என்று நம் ஆட்கள் நம்பிவிடுகிறார்கள்.

முதலில் அவணின் கதவைத் திறந்து, விளிம்பிலுள்ள தகட்டில் எத்தனை கிலோவாற்று என்று பாருங்கள். 230 வோல்ற்றை 13 அம்பியரால் பெருக்கினால் ஏறத்தாழ 3,000 வாற்று வரும். அந்தப் பிளக்கின் எல்லை அவ்வளவே. பிளக்குடன் வரும் ஒற்றை அவண் இதற்குள் அடங்கும். இரட்டை அவணும், மேலே அடுப்புடன் சேர்ந்த மின்சாரக் குக்கரும் பெரும்பாலும் பிளக் இல்லாமலே வரும். கடைக்காரர் மறந்துவிட்டார் என்று எண்ணி நீங்களே ஒன்றை வாங்கிப் பூட்டிவிடாதீர்கள். அவற்றுக்கு மெயின் பெட்டியிலிருந்து தனி வயர் வேண்டும்: வழக்கமாக 32 அம்பியர் பிரேக்கர், 6 சதுர மில்லிமீற்றர் வயர், கைக்கெட்டும் தூரத்தில் ஒரு பெரிய சுவிட்ச். இங்கிலாந்தில் அப்படிப் புதிய இணைப்பு இழுப்பது சட்டப்படி அறிவிக்க வேண்டிய வேலை என்பதால், பதிவுபெற்ற மின்னியலாளரைப் பிடித்து, வேலை முடிந்ததும் சான்றிதழை வாங்கி வையுங்கள்.

எக்ஸ்டென்ஷன் வயரில் மட்டும் அவணைக் கொடுக்கவே வேண்டாம். நத்தார் கேக் அடிக்கும் நாளில் அவண் மணிக்கணக்காக எரியும்போது, தளர்ந்த ஒரு முனை போதும், பிளாஸ்டிக் உருகுவதற்கு. முதல் குளிர்காலத்தில் என் அறையிலேயே அது நடந்தது. பிளக்குக்குள் இருக்கும் பியூஸ் எரிந்தால், நம்மூர்ப் பழைய பியூஸ் கட்டைகளில் தடித்த கம்பியைச் சுற்றியதுபோல அங்கே எதையும் சுற்றாதீர்கள். அதே அளவு பியூஸைப் போடுங்கள். மறுபடியும் எரிந்தால் அவணில் பிழை.

அவணின் வயரில் மண்ணிறம் கரண்ட், நீலம் நியூட்ரல், பச்சையும் மஞ்சளும் கலந்தது எர்த். சுவருக்குள் சிவப்பும் கறுப்பும் தெரிந்தால் அது பெரும்பாலும் 2006க்கு முந்திய வயரிங். அதைச் சோதிக்காமல் பெரிய அவண் எதையும் பூட்ட வேண்டாம்.

வாடகை வீடென்றால் வீட்டுக்காரரிடம் எழுத்திலேயே அனுமதி கேளுங்கள். இங்கிலாந்தில் தனியார் வாடகை வீடுகளின் வயரிங்கைக் குறைந்தது 5 ஆண்டுக்கொருமுறை சோதிப்பித்து அறிக்கையைக் குடியிருப்பவருக்குக் கொடுப்பது அவருடைய கடமை; கூச்சப்படாமல் அதைக் கேட்டு வாங்குங்கள். கனடாவுக்குப் போனவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது: அங்கே சாதாரண சொக்கெட் 120 வோல்ற்று, அவணுக்கு 240 வோல்ற்றில் தனிச் சொக்கெட்.

எல்லாம் பூட்டியபின், யன்னலைத் திறந்துவிட்டு வெற்று அவணை அரை மணி நேரம் எரியவிடுங்கள். உள்ளேயிருந்து வரும் எண்ணெய் வாடை புது அவணுக்கு இயல்பு. பிறகு பிளக்கின் முதுகைத் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு பரவாயில்லை, கையை எடுக்க வைக்கும் சூடாக இருந்தாலோ சொக்கெட் பக்கம் கருகல் வாடை அடித்தாலோ, பிளக்கைத் தொடாமல் மெயின் பெட்டியில் பிரேக்கரை இறக்கிவிட்டு மின்னியலாளரைக் கூப்பிடுங்கள்.