ஐஎன்எஸ் குக்ரி: நினைவிடம் பார்த்தவர்கள், அந்தக் காலத்து கடற்படைக்காரர்களிடம் பேசியவர்கள் பகிருங்கள்

சோம்நாத் போனபோது அப்படியே டையூவுக்கும் ஒரு நடை போய் வந்தோம். சக்ரதீர்த் கடற்கரையை ஒட்டிய மேட்டில் கண்ணாடிக் கூண்டுக்குள் இந்தியக் கடற்படையின் போர்க்கப்பலான குக்ரியின் மாதிரி இருக்கிறது. கூட வந்தவர்கள் செல்ஃபியில் மும்முரம். 1971 டிசம்பர் 9 இரவு பாகிஸ்தானின் ஹங்கோர் நீர்மூழ்கி விட்ட டார்பிடோவில் இந்தக் கப்பல் சில நிமிடங்களில் மூழ்கியது. 18 அதிகாரிகள், 176 மாலுமிகள் போய்விட்டார்கள். கேப்டன் மகேந்திரநாத் முல்லா தன் லைஃப் ஜாக்கெட்டை ஒரு மாலுமிக்குக் கொடுத்துவிட்டு கப்பலோடேயே போனார் என்பது பிழைத்தவர்கள் சொன்னது. அவருக்கு மகாவீர் சக்ரா கொடுத்தார்கள்.

—

முல்லாவின் கதை எல்லோருக்கும் தெரியும். எங்கள் தெருவில் கடற்படையில் இருந்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவர் இருந்தார். அதே வகைக் கப்பலில் பாய்லர் ரூமில் வேலை பார்த்தவர். அவரிடம் குக்ரி பேச்சை எடுத்தால் முதலில் சோனாரை, அதாவது ஒலியை வைத்து நீர்மூழ்கியைக் கண்டுபிடிக்கும் கருவியைத்தான் திட்டுவார். "வேட்டைக்குப் போனவனுக்குக் காது மந்தம் தம்பி, ஒளிஞ்சிருந்தவனுக்குப் பாம்புக் காது" என்பார். நீர்மூழ்கியைத் தேடிப் போனது குக்ரிதான். ஹங்கோர் பிரான்சில் கட்டிய டாஃப்னே வகை, அப்போது புதுசு. குக்ரியோ ஐம்பதுகளின் பிரிட்டிஷ் வடிவமைப்பு. நீர்மூழ்கி மேல் குண்டு வீசும் அதன் லிம்போ மார்ட்டர் எட்டுவதே சுமார் 900 மீட்டர்தான். டார்பிடோ அதைவிட எத்தனையோ மடங்கு தூரத்திலிருந்து வரும். இதில் சோனாரின் எல்லையைக் கூட்டும் ஒரு கருவியைச் சோதிக்க வேகத்தை வேறு குறைத்து ஓட்டினார்கள். இதைப் பற்றி இன்னமும் வாக்குவாதம் ஓய்ந்தபாடில்லை. என்னைக் கேட்டால், மோசமான சோனாரைக் கையில் கொடுத்து அனுப்பியதுதான் முதல் தப்பு.

கீழ்த்தளத்திலிருந்து மேலே வரும் ஏணியைக் கையால் அளந்து காட்டுவார். ஒரு ஆள் அகலம். விளக்கு அணைந்தால் கைப்பிடி எங்கே என்று தடவித்தான் பிடிக்க வேண்டும். கீழே இருந்தவர்களுக்கு ஏன் நேரமே கிடைக்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

குக்ரியோடு கூடவே போன கிர்பான் என்ற போர்க்கப்பல் அங்கிருந்து விலகியதைக் கோழைத்தனம் என்று சிலர் எழுதுகிறார்கள். பெரியவர் ஒத்துக்கொள்ளவே மாட்டார். "நின்னா ரெண்டும் போயிருக்கும்." மறுநாள் கிர்பான் திரும்பி வந்து, கட்சால் என்ற இன்னொரு கடற்படைக் கப்பலும் சேர்ந்துதான் மிதந்துகொண்டிருந்த 67 பேரை மீட்டன.

—

டையூ போகிறவர்களுக்கு: அங்கே அருங்காட்சியகமாக நிற்கும் குக்ரி வேறு கப்பல். 1989-இல் அதே பெயரில் படையில் சேர்ந்து 2021-இல் ஓய்வுபெற்ற கார்வெட் (சிறிய வகைப் போர்க்கப்பல்) அது. இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.