ரோலண்ட் எஸ்எச்-2000: சில ஒலிகள் மட்டும் ஊமையாகிவிட்டன, உதவி தேவை

கேள்வி:
ஒசாகாவில் வசிக்கிறேன். இங்கே ஒரு பழைய பொருள் கடையில் எஸ்எச்-2000 சிந்தசைசர் (மின்னணு முறையில் ஒலி உருவாக்கும் கட்டைக் கருவி) கிடைத்தது. 37 கட்டைகள், 30 ஒலிகள், ஒரு நேரத்தில் ஒரு சுரம்தான். டிரம்பெட் கணீரென்று பேசுகிறது. புல்லாங்குழல் சுவிட்சைப் போட்டால் சத்தமே இல்லை. கிளாரினெட் கரகரத்துவிட்டு அடங்கிவிடுகிறது. கட்டையை அழுத்திப் பிடித்தால் அதிர்வு சேர வேண்டுமாம், அதுவும் வரவில்லை. பழுதுபார்ப்பவர் ஒருவர் உள்ளே இருக்கும் மின்சுற்றுப் பலகையையே மாற்றச் சொல்கிறார். எனக்கு மனம் ஒப்பவில்லை.

பதில் 1:
தயவுசெய்து பலகையைத் தொட விடாதீர்கள். டிரம்பெட் பேசுகிறது என்றாலே ஒலியைப் பிறப்பிக்கும் ஆசிலேட்டர், அதன் தன்மையைச் செதுக்கும் ஃபில்டர், சத்த அளவைக் கூட்டிக் குறைக்கும் ஆம்ப்ளிஃபையர் மூன்றுக்கும் உயிர் இருக்கிறது. 30 ஒலிக்கு 30 கருவி உள்ளே கிடையாது. எல்லாம் ஒரே பாதையில்தான் போகின்றன. எந்த அலைவடிவம், ஃபில்டர் எவ்வளவு திறக்க வேண்டும், ஒலி எவ்வளவு வேகமாக எழுந்து அடங்க வேண்டும் என்பதை அந்தந்தச் சுவிட்ச்தான் இணைத்துக் கொடுக்கிறது. ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளில் சுவிட்சுக்குள் மின்சாரத்தை இணைக்கும் உலோகத் தொடுமுனை கறுத்திருக்கும். அந்தக் கரகரப்பே அதற்குச் சாட்சி.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மின்தொடுமுனைகளுக்கென்றே விற்கும் சுத்திகரிப்பு திரவத்தை ஒரு துளி விட்டு, சுவிட்சை முப்பது முறை போட்டு எடுங்கள். துருநீக்கும் எண்ணெய் வேண்டவே வேண்டாம். பசையாகத் தங்கித் தூசியைச் சேர்க்கும்.

பதில் 2:
கட்டையை அழுத்தியும் அதிர்வு வரவில்லை என்றால் முதலில் அதற்கான தேர்வு சுவிட்சுகளையும் உணர்திறன் அளவையும் பாருங்கள். அவை அணைந்திருந்தால் எவ்வளவு அழுத்தினாலும் பயனில்லை. இன்னொன்று, ஜப்பானில் விற்ற கருவி 100 வோல்ட்டுக்கானது. ஊருக்குக் கொண்டுபோனால் நம் 230 வோல்ட்டில் நேரடியாகச் செருகிவிடாதீர்கள், மின்மாற்றி கட்டாயம்.

கேட்டவர்:
இருவருக்கும் நன்றி! பஞ்சுக்குச்சியின் முனை கரி பூசியதுபோல வந்தது. நாற்பதாவது அழுத்தலுக்குப் பிறகு புல்லாங்குழல் மூச்சு விட்டது, கண் கலங்கிவிட்டது. அதிர்வு சுவிட்சும் அணைந்துதான் இருந்தது. கிளாரினெட் மட்டும் இன்னும் லேசாகக் கரகரக்கிறது. போட்டவுடன் சுருதியும் நிலைகொள்ளாமல் நகர்கிறது, இது பழுதா?

பதில் 1:
இல்லை. டிரான்சிஸ்டர்கள் சூடேறும்வரை அப்படித்தான். கால் மணி நேரம் ஓடவிட்டு, பிறகு சுருதி சேருங்கள். கிளாரினெட்டுக்கு நாளை இன்னொரு துளி விடுங்கள்.